ஒரு மணி நேரப் பராமரிப்புக்கு என்ன விலை?

லண்டனின் மேற்கே, வெஸ்ட் ஈலிங் வழியாகச் செல்லும் அக்ஸ்பிரிட்ஜ் சாலையில் மதுக்கடை வாசலில் காவலுக்கு நிற்பவரிடம் அரசு உரிமம் இருந்தாக வேண்டும். 2001-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்புத் தொழில் சட்டம் அப்படிச் சொல்கிறது. அவர் வகுப்புக்குப் போய், தேர்வில் தேறி, முதலுதவி கற்று, 3 ஆண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதே சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், வாசலோரச் சாவிப்பெட்டியில் எண்ணை அழுத்தி, சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, தனியாகப் படுத்திருக்கும் எண்பத்தைந்து வயது மூதாட்டியிடம் போகும் வீட்டுப் பராமரிப்பாளருக்கு அப்படி எந்த உரிமமும் தேவையில்லை. அவர் மூதாட்டியைக் குளிப்பாட்டுவார், உடை மாற்றுவார், மாத்திரை கொடுப்பார், ஊட்டுவார். குற்றப் பின்னணி இல்லை என்ற சான்றை அவரிடம் கேட்பார்கள். ஆனால் பெயர் பதிந்த பதிவேடோ, கூடவே எடுத்துச் செல்லக்கூடிய, சட்டம் கட்டாயமாக்கிய தொழில் தகுதியோ இங்கிலாந்தில் அவருக்கு இல்லை. அனுபவத்தோடு ஏறும் கூலியும் பெரும்பாலும் இல்லை.

வெஸ்ட் ஈலிங் தமிழருக்கு அந்நியமான ஊர் அல்ல. சேப்பல் ரோட்டில் இருக்கும் கனகதுர்க்கை அம்மன் கோயிலின் ஆகஸ்ட் மாதத் தேர்த்திருவிழாவுக்கு லண்டன் முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து இளைஞர்களாக வந்து இந்தச் சுற்றுவட்டாரத்தில் குடியேறிய தலைமுறை இப்போது எழுபதைத் தொடுகிறது. அவர்கள் பின்னர் வரவழைத்த தாய் தந்தையர் எண்பதையும் தொண்ணூறையும் தாண்டிவிட்டார்கள். பிள்ளைகள் வேலைக்குப் போகும் வீடுகளில் காலையிலும் மாலையிலும் கதவைத் தட்டுவது உள்ளாட்சி மன்றமான கவுன்சில் அனுப்பும் ‘கேரர்’தான். அந்தக் கேரரும் பல நேரம் நம்மவர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நடுவயதுப் பெண்ணாக, தமிழ்நாட்டிலிருந்தோ கேரளத்திலிருந்தோ படிக்கவோ வேலை விசாவிலோ வந்த இளைஞராக அவர் இருக்கக்கூடும். ஆகவே பராமரிப்பாளரின் பயிற்சியும் கூலியும் என்ற கேள்வி தமிழ்ச் சமூகத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. பெறுகிறவரும் நாம், செய்கிறவரும் நாம். பயிற்சித் தரம் என்றும் கூலித் தரம் என்றும் இதை இரண்டு கோப்புகளாகப் பிரித்து வைத்ததுதான் இங்கிலாந்து செய்த பெரும்பிழை என்பது என் வாதம். கற்றதற்குக் கூலி ஏறாத இடத்தில் பயிற்சி ஒரு கையெழுத்துத் தாளாக முடிந்துபோகிறது. அந்தக் கூலியைக் கவுன்சில் வாங்கும் மணி நேர விலையில் சேர்க்காதவரை, கூலித் தரமும் அறிவிப்போடு நின்றுவிடும்.

முதலில் அந்த வேலை எத்தகையது என்று பார்ப்போம். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்குவது சிரமம். தண்ணீரை எந்தப் பதத்துக்குக் கெட்டியாக்க வேண்டும் என்று தெரியாமல் கொடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். படுக்கையிலேயே கிடப்பவரின் குதிகாலிலும் இடுப்பிலும் தோல் சிவப்பதைக் கவனிக்கத் தெரியாவிட்டால் சில நாளில் அது படுக்கைப்புண் ஆகும். நடக்க முடியாதவரை ஹொய்ஸ்ட் கருவியில் தூக்கும்போது பட்டையைத் தவறாக மாட்டினால் அவர் கீழே விழுவார். கருவியே இல்லாமல் தூக்கப் பார்த்தால் பராமரிப்பாளரின் முதுகு போகும். மருந்துத் தாளில் ஒரு வேளையைக் குறிக்க மறந்தால் அடுத்து வருபவர் அதே மாத்திரையை மறுபடி கொடுத்துவிடுவார். மறதிநோய் வந்த முதியவர் திடீரென்று குழம்பிப் பேசினால் அது நோயின் போக்கா, சிறுநீர்த் தொற்றின் அறிகுறியா என்று சந்தேகப்படத் தெரிய வேண்டும். மருத்துவமனையில் இத்தகைய ஐயம் எழுந்தால் பக்கத்தில் நர்ஸ் இருப்பார். வீட்டில் பராமரிப்பாளர் தனி ஆள், அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கைப்பேசி நினைவூட்டிக்கொண்டிருக்கும். மாவட்ட நர்சுகள் முன்பு செய்த இன்சுலின் ஊசி, சிறுநீர்க் குழாய்ப் பராமரிப்பு போன்ற சிலவும் இப்போது இவர்களிடம் ஒப்படைக்கப்படுகின்றன. அரசாங்க ஆவணங்கள் நெடுங்காலம் இதைத் திறன் குறைந்த வேலை என்றே வகைப்படுத்தி வந்தன. குடும்பப் பெண்கள் காலம் காலமாகக் கூலியின்றிச் செய்த வேலை என்பதைத் தவிர அந்த வகைப்பாட்டுக்கு வேறு ஆதாரம் எனக்குத் தென்படவில்லை.

பயிற்சிக்குத் தரமே வகுக்கப்படவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. ஸ்டாஃபர்ட் மருத்துவமனையில் நடந்த கொடிய அலட்சியங்களைப் பற்றிய ஃபிரான்சிஸ் அறிக்கை 2013 பிப்ரவரியில் வெளிவந்தது. அதையடுத்து, உதவிப் பணியாளர்களின் நிலையை ஆராயக் கமில்லா கேவண்டிஷ் நியமிக்கப்பட்டார். மருத்துவமனை உதவியாளருக்கும் வீட்டுப் பராமரிப்பாளருக்கும் பொதுவான ஓர் அடிப்படைச் சான்றிதழ் வேண்டும் என்று அவர் அதே ஆண்டு ஜூலையில் பரிந்துரைத்தார். 2015 ஏப்ரலில் ‘கேர் சர்டிஃபிகேட்’ என்ற பெயரில் அது நடைமுறைக்கு வந்தது. அதில் 15 தரநிலைகள் இருந்தன. 2025-இல் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் பற்றிய தரநிலை சேர்ந்து 16 ஆயின. பாடத்திட்டத்தில் குறை சொல்ல அதிகமில்லை. கோளாறு அது நடத்தப்படும் விதத்தில் இருக்கிறது. சான்றிதழ் சட்டப்படி கட்டாயமில்லை. கண்காணிப்பு அமைப்பான சி.க்யூ.சி. அதை எதிர்பார்க்கிறது, அவ்வளவுதான். பயிற்சி கொடுப்பதும் தேறினார் என்று கையெழுத்திடுவதும் பெரும்பாலும் அந்தந்த நிறுவனமே. அதனால் ஒரு நிறுவனம் கொடுத்த சான்றை அடுத்த நிறுவனம் நம்புவதில்லை. வேலை மாறும்போதெல்லாம் அதே பாடத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வைக்கிறார்கள், அதுவும் பல இடங்களில் கணினித் திரையில் படம் பார்த்துப் பொத்தானை அழுத்துவதோடு முடிந்துவிடுகிறது. வெளியார் மதிப்பிட்டு வழங்கும் இரண்டாம் நிலைத் தகுதி ஒன்று 2024-இல் அறிமுகமானது. அதுவும் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம் என்ற அளவில்தான் இருக்கிறது.

ஒரே நாட்டுக்குள்ளேயே வேறு வழி இருக்கிறது. வேல்ஸில் 2020 ஏப்ரல் முதல் வீட்டுப் பராமரிப்பாளர் ஒவ்வொருவரும் சோஷியல் கேர் வேல்ஸ் அமைப்பில் பதிவு செய்தாக வேண்டும். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் இதேபோல் பதிவேடு உண்டு. இங்கிலாந்தில் மட்டும் இல்லை. பயிற்சியைச் சட்டத்தால் கட்டாயமாக்க முடியாது என்ற சாக்கும் இனிச் செல்லாது. ஆலிவர் மெக்கவன் என்ற 18 வயது இளைஞர், தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவரும் பெற்றோரும் சொல்லியும் கொடுக்கப்பட்ட மருந்தால் 2016-இல் பிரிஸ்டலில் இறந்தார். அவர் தாயின் விடாத போராட்டத்தால், பதிவு பெற்ற ஒவ்வொரு நிறுவனமும் கற்றல் குறைபாடு, ஆட்டிசம் பற்றித் தன் பணியாளருக்குப் பயிற்சி கொடுத்தாக வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் உடல்நலம், பராமரிப்புச் சட்டத்தில் எழுதப்பட்டது. ஒரு பாடத்துக்குச் செய்ய முடிந்ததை மற்றப் பாடங்களுக்கும் செய்ய முடியும்.

இனிக் கூலி. 2026 ஏப்ரல் முதல் 21 வயது நிரம்பியவருக்குச் சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்டு. லண்டனில் வாடகையும் பேருந்துச் செலவும் கணக்கிட்டு, வாழ்வதற்குத் தேவை என்று லிவிங் வேஜ் அறக்கட்டளை சொல்லும் தொகை 14.80 பவுண்டு. வாரம் 35 மணி நேரம் வேலை செய்பவருக்கு இந்த இடைவெளி ஆண்டுக்கு ஏறத்தாழ 3,800 பவுண்டாகிறது. இதைவிட என்னை உறுத்துவது இன்னொரு கணக்கு. ஸ்கில்ஸ் ஃபார் கேர் அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் தரவுகளின்படி, 5 ஆண்டுக்கு மேல் அனுபவம் உள்ள பராமரிப்பாளருக்கும் புதிதாகச் சேர்ந்தவருக்கும் உள்ள கூலி வித்தியாசம் அண்மை ஆண்டுகளில் மணிக்குப் பத்துப் பென்சைச் சுற்றியே இருந்திருக்கிறது. குறைந்தபட்சக் கூலி ஏற ஏற, கவுன்சில் தரும் தொகை அந்த அளவுக்கு ஏறாததால், நிறுவனங்கள் கீழ்ப்படியை உயர்த்தி மேற்படியை அப்படியே விட்டுவிட்டன. ஐந்தாண்டுகளில் படுக்கைப்புண்ணை முதல் நாளே கண்டுபிடிக்கக் கற்றவருக்கும் ஹொய்ஸ்டை இன்னும் தொட்டே பார்க்காதவருக்கும் ஒரே சம்பளம் என்றால், கற்பதற்கு மனச்சாட்சியைத் தவிர வேறு தூண்டுதல் இல்லை. மனச்சாட்சி உள்ளவர்கள் ஏராளம் இருப்பதால்தான் இந்த ஏற்பாடு இதுவரை நொறுங்காமல் நிற்கிறது. இது தமிழ்நாட்டு வாசகருக்கும் அறிமுகமான கதைதான். 2018-இல் தமிழ்நாடு அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி வகுத்தபோது மணிக்கு 37 ரூபாயிலிருந்து 39 ரூபாய் வரை என்று வைத்தது. திறன் இல்லாதவருக்கும் திறன் உள்ளவருக்கும் இடையே இரண்டு ரூபாய்.

வீட்டுப் பராமரிப்புக்கே உரிய இன்னொரு சுரண்டல் சாலையில் நடக்கிறது. நர்சிங் ஹோமில் வேலை செய்பவர் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நடக்கிறார். வீட்டுப் பராமரிப்பாளரோ ஹான்வெலில் ஒரு வீட்டை முடித்து, 207-ஆம் எண் பேருந்துக்குக் காத்திருந்து, வெஸ்ட் ஈலிங்கில் இறங்கி, பக்கத் தெருக்களில் நடந்து அடுத்த வீட்டை அடைகிறார். இந்த நேரத்துக்குக் கூலி உண்டா? வீட்டுக்கு வீடு போகும் பயணமும் வேலை நேரமே என்று குறைந்தபட்சக் கூலி விதிகள் சொல்கின்றன. ஆனால் பல நிறுவனங்கள் வீட்டுக்குள் இருந்த நிமிடங்களுக்கு மட்டும் கூலி கணக்கிட்டு, அதைச் சற்றே உயர்ந்த விகிதமாகக் காட்டுகின்றன. உதாரணத்துக்கு, மணிக்கு 13.50 பவுண்டு என்று சொல்லி வேலைக்கு எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வீடுகளுக்குள் 6 மணி நேரம், வீதியில் ஒன்றரை மணி நேரம். கையில் வருவது 81 பவுண்டு. உழைத்த ஏழரை மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 10.80. சட்டக் கூலிக்குக் கிட்டத்தட்ட 2 பவுண்டு கீழே. இது வெறும் ஊகக் கணக்கு அல்ல என்பதற்கு லண்டனிலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. ஹாரிங்கே கவுன்சிலுக்காக வேலை செய்த, பெரும்பாலும் பெண்களான பராமரிப்பாளர்கள் யூனிசன் தொழிற்சங்கத்தின் துணையோடு வழக்காடினார்கள். 2020 செப்டம்பரில் வேலைத் தீர்ப்பாயம் பயண நேரத்தோடு, வீடுகளுக்கிடையே 60 நிமிடம் வரையிலான காத்திருப்பையும் வேலை நேரமாக ஏற்றது. சராசரியாக ஆளுக்குப் பத்தாயிரம் பவுண்டு அளவுக்கு நிலுவை கிடைத்தது. சட்டம் அவர்கள் பக்கம்தான் இருந்தது. அதை நிலைநாட்ட ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்தால்தான் இந்த நிலைக்குக் காரணம் புரியும். 1990-களின் தொடக்கம் வரை ‘ஹோம் ஹெல்ப்’ என்று அழைக்கப்பட்ட பணியாளர்கள் கிட்டத்தட்ட அனைவரும் கவுன்சில் ஊழியர்களே. ஓய்வூதியம் இருந்தது, நோய்விடுப்பு இருந்தது, சங்கம் இருந்தது. சமூகப் பராமரிப்பு பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம் 1993 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, கவுன்சில்களுக்கு மாற்றப்பட்ட நிதியில் 85 சதவீதத்தைத் தனியார், தொண்டு நிறுவனங்களிடமே செலவிட வேண்டும் என்று மத்திய அரசு நிபந்தனை விதித்தது. அன்றிலிருந்து கவுன்சில் வேலை கொடுப்பதை விட்டு, மணி நேரங்களை விலைக்கு வாங்கத் தொடங்கியது. ஒப்பந்தப் போட்டியில் விலை இறங்கியது. விலை இறங்கினால் வெட்டக்கூடியது பயண நேரமும் பயிற்சி நேரமும்தான், ஏனென்றால் அவை இரண்டும் விலைப்பட்டியலில் கண்ணுக்குத் தெரியாதவை. ஹோம்கேர் அசோசியேஷன் என்ற நிறுவனங்களின் கூட்டமைப்பு, சட்டத்தை மீறாமல் ஒரு மணி நேரப் பராமரிப்பு வழங்க 2025-26-இல் இங்கிலாந்தில் குறைந்தது 32.14 பவுண்டு தேவை என்று கணக்கிட்டது. அதுவும் அன்றைய குறைந்தபட்சக் கூலியான 12.21 பவுண்டை அடிப்படையாக வைத்து. மீதி இருபது பவுண்டையும் முதலாளி பையில் போட்டுக்கொள்கிறாரா என்று கேட்கத் தோன்றும். பயண நேரம், பயணச் செலவு, விடுமுறைச் சம்பளம், நோய்க்காலச் சம்பளம், ஓய்வூதியப் பங்களிப்பு, 2025 ஏப்ரலில் 15 சதவீதமாக ஏறிய முதலாளியின் தேசியக் காப்பீடு, பயிற்சி, மேற்பார்வையாளர், ரோட்டா போடுபவர், அலுவலகம் எல்லாம் அதற்குள் அடக்கம். லாபமும் அதில் உண்டுதான். அந்தக் கூட்டமைப்பு முதலாளிகளின் சங்கம் என்பதை மறக்க வேண்டியதில்லை. இருந்தாலும் கவுன்சில்கள் பல இதற்குக் கணிசமாகக் கீழே விலை கொடுக்கும்போது, இந்தப் பட்டியலில் உள்ள ஏதோ ஒன்று நடக்கவில்லை என்றே பொருள்.

பயிற்சியையும் கூலியையும் ஒரே ஏணியாகக் கட்டிய நாடு நியூசிலாந்து. லோயர் ஹட் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் இருபது ஆண்டுக்கு மேல் வேலை செய்த கிறிஸ்டின் பார்ட்லெட், தன் கூலி மணிக்கு 14.46 டாலராகவே கிடப்பதற்கு இது பெண்கள் செய்யும் வேலை என்பதே காரணம் என்று சங்கத்தின் துணையோடு வழக்குத் தொடுத்தார். 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்துக்கு இடம் கொடுத்தது. அரசு பேச்சுக்கு வந்து, 2017-இல் தனிச் சட்டமே இயற்றியது. வீட்டுப் பராமரிப்பாளர் உட்பட சுமார் 55,000 பேருக்கு 5 ஆண்டுகளில் 200 கோடி நியூசிலாந்து டாலர் ஒதுக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜூலை முதல் தகுதி ஏதும் இல்லாதவருக்கு மணிக்கு 19 டாலர், நான்காம் நிலைத் தகுதி பெற்றவருக்கு 23.50 டாலர், நடுவில் இரண்டு படிகள். நாட்டின் குறைந்தபட்சக் கூலி அப்போது 15.75 டாலர். ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களின் அனுபவ ஆண்டுகளையே தகுதியாக ஏற்றுப் படிகளில் அமர்த்தினார்கள். பணியாளர் அந்தத் தகுதிகளை எட்ட வழி செய்வது முதலாளியின் சட்டக் கடமையாயிற்று. வீடுகளுக்கிடையே பயணத்துக்குக் கூலி என்பது அதற்கு முந்தைய ஆண்டே தனிச் சட்டமாகியிருந்தது. ஒரு சான்றிதழ் கையில் வந்தால் அடுத்த சம்பளச் சீட்டில் அது தெரியும் என்ற நிலையை ஒரு நாடு உருவாக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அந்த ஏணி ஆடியதையும் சொல்லியாக வேண்டும். மேற்படியில் இருப்பவருக்குக் கூலி அதிகம் என்பதால், சில நிறுவனங்கள் அவர்களுடைய வேலை நேரத்தைக் குறைத்துக் கீழ்ப்படியினருக்குக் கொடுத்ததாகப் பணியாளர்கள் முறையிட்டார்கள். ஐந்தாண்டு முடிந்ததும் உயர்வு தேங்கியது. நாட்டின் குறைந்தபட்சக் கூலி வேகமாக ஏறி, ஏணியின் கீழ்ப்படியை நெருங்கியது. 2025 மே மாதம் அரசு சட்டத்தைத் திருத்தி, நிலுவையில் இருந்த 33 ஊதியச் சமத்துவக் கோரிக்கைகளை ஒரே அடியில் நிறுத்தியது. பராமரிப்பாளர்களின் புதிய கோரிக்கையும் அதில் போயிற்று. ஜெர்மனியின் ஏற்பாடு இந்த இடத்தில் உறுதியானது. அங்கே பராமரிப்புத் துறைக்கென்று தனிக் குறைந்தபட்சக் கூலி 2010 முதல் இருக்கிறது. 2025 ஜூலை முதல் உதவியாளருக்கு 16.10 யூரோ, ஓராண்டாவது பயிற்சி பெற்றவருக்கு 17.35, முழுத் தகுதி பெற்றவருக்கு 20.50. நாட்டின் பொதுக் கூலி அப்போது 12.82 யூரோ. முதலாளிகளும் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்கார்ந்த ஆணையம் ஒன்று குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இதைத் திருத்துகிறது. இந்த இரண்டு நாடுகளிலிருந்தும் நான் எடுத்துக்கொள்வது மூன்று: படிகள் வேண்டும், படிகளுக்கேற்ற வேலை நேர உறுதி வேண்டும், படிகளை உயர்த்தும் அமைப்பு நிரந்தரமாக வேண்டும்.

இத்தனைக்கும் பணம் எங்கே என்பதுதான் முதல் மறுப்பு. அதை அலட்சியப்படுத்த முடியாது. கவுன்சில் வரியைப் பராமரிப்புக்கென்று ஆண்டுக்கு 2 சதவீதம் வரை கூட்டியும் கவுன்சில்கள் திணறுகின்றன. 23,250 பவுண்டுக்கு மேல் சேமிப்பு உள்ளவர் தன் செலவைத் தானே ஏற்க வேண்டும். விலை ஏறினால் அந்தக் குடும்பத்தின் பையிலிருந்துதான் போகும். ஆனால் தரமின்மைக்கும் நாம் விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், அது வேறு கணக்கில் எழுதப்படுகிறது. இந்தத் துறையில் ஆண்டுதோறும் நான்கில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் இருக்கும் வேலையை விட்டுப் போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் பதிலாக விளம்பரம், சோதனை, மறுபடி அதே அறிமுகப் பயிற்சி. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால், குணமானவர் ஈலிங் மருத்துவமனைக் கட்டிலை விட்டு எழுந்து வீட்டுக்கு வர முடியாமல் கிடக்கிறார்; அந்தக் கட்டிலின் ஒரு நாள் செலவு பல நாள் வீட்டுப் பராமரிப்புக்குச் சமம். முதியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்தச் செலவு தேசியச் சுகாதாரச் சேவையின் ஏட்டில் விழுகிறது. மிச்சம் பிடித்தது கவுன்சில், கட்டியது மருத்துவமனை. இரண்டும் ஒரே வரிப்பணம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் நுட்பமானது. நம் சமூகத்திலேயே அதிகம் கேட்கப்படுவது. பராமரிப்பு என்பது அன்பும் பொறுமையும்; அதற்கு எதற்குத் தேர்வு? ஆங்கிலம் அவ்வளவாக வராத, ஆனால் பத்து வருடம் மாமியாரைத் தொட்டுத் தூக்கிப் பார்த்த பெண்ணைச் சான்றிதழ் இல்லை என்று வெளியே நிறுத்துவதா? இந்தக் கவலை நியாயமானது. அதற்கு விடை, தரத்தைக் கைவிடுவதில் இல்லை. நியூசிலாந்து செய்ததுபோல் அனுபவத்தைத் தகுதியாக எண்ணலாம். பயிற்சி நேரத்துக்கும் கூலி கொடுக்கலாம். மாலையில் இலவசமாக வந்து படி என்றால் இரண்டு வேலை பார்க்கும் தாய் எப்படி வருவாள்? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2011-இல் மக்கள் வாக்களித்து, வீட்டுப் பராமரிப்பாளருக்கு 75 மணி நேரப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கினார்கள். அந்தத் தேர்வை ஸ்பானிஷ், கொரியன், வியட்நாமியன் உட்படப் பல மொழிகளில் எழுதலாம். லண்டனில் தமிழில் ஏன் கூடாது? 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழை முதன்மை மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 1,25,000 பேர். இதை மறுபுறமிருந்தும் பார்க்கலாம். மறதிநோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் முதலில் உதிர்ந்து, பலர் தாய்மொழிக்கே திரும்பிவிடுகிறார்கள். அப்போது வலி எங்கே என்று தமிழில் கேட்கத் தெரிந்த பராமரிப்பாளர் ஒரு மருத்துவத் தேவை. அந்த மொழித்திறனை எந்த ஒப்பந்தமும் இன்று திறனாக எண்ணுவதில்லை, அதற்கு ஒரு பென்சும் கொடுப்பதில்லை. அன்பை யாராலும் தேர்வு வைத்து அளக்க முடியாது. ஆனால் அன்புள்ளவர் கையில் ஹொய்ஸ்ட் பட்டை தவறாக மாட்டப்பட்டாலும் கிழவர் விழத்தான் செய்வார்.

மூன்றாவதாக, தரத்தை உயர்த்தினால் வேலை திரைமறைவுக்குப் போய்விடும் என்கிறார்கள். நடக்கக்கூடியதுதான். ஜெர்மனியில் கூலி ஆணையம் இருந்தும், பல்லாயிரம் குடும்பங்கள் கிழக்கு ஐரோப்பியப் பெண்களை வீட்டோடு வைத்துக்கொண்டு, ஒப்பந்தத்தில் சில மணி நேரத்தை மட்டும் எழுதி இரவு பகலாக வேலை வாங்கின. பல்கேரியப் பெண் ஒருவரின் வழக்கில், அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்று 2021 ஜூன் 24 அன்று அந்நாட்டின் உச்ச தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பத்தால் கட்ட முடியாத விலையை அரசு பகிர்ந்துகொள்ளாவிட்டால் தரம் சுவரேறிக் குதித்து ஓடிவிடும் என்பதைத்தான் இது காட்டுகிறது. இங்கிலாந்திலோ திரைமறைவுக்குப் போகவே வேண்டியிருக்கவில்லை. 2022 பிப்ரவரியில் பராமரிப்பாளர் வேலைக்கு விசா திறந்தபோது, பதிவு பெற்ற நிறுவனங்களே ஊர் ஊராக முகவர்கள் வழியாக ஆள் எடுத்தன. வேலையே இல்லாத வேலைக்குப் பணம் கட்டி வந்தவர்கள் உண்டு. 2022-க்கும் 2024-க்கும் இடையில் இத்துறையில் 470-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், விசாவில் ஆள் எடுக்கத் தேவையான ஸ்பான்சர் உரிமத்தை இழந்தன. உரிமம் போனால் பணியாளர் குறுகிய கெடுவுக்குள் வேறு ஸ்பான்சரைத் தேட வேண்டும், இல்லையேல் நாட்டை விட வேண்டும். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது மூடப்பட்டது. வந்து சிக்கியவர்களுக்கு அது ஒன்றும் செய்யவில்லை. எந்த நிறுவனமும் ஏற்கும், தன் பெயரிலேயே பதிவான ஒரு தகுதி அவர்களிடம் இருந்திருந்தால், கொடுமைக்கார முதலாளியை விட்டு அடுத்த வாசலுக்குப் போவது அத்தனை கடினமாக இருந்திருக்காது. எடுத்துச் செல்லக்கூடிய சான்றிதழ் முதியவருக்குப் பாதுகாப்பு. பணியாளருக்கோ பேரம் பேசும் பலம்.

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. 2025 டிசம்பர் 18 அன்று சட்டமான வேலை உரிமைகள் சட்டம், இங்கிலாந்தின் பராமரிப்புத் துறைக்கென்று ஒரு பேச்சுவார்த்தை அமைப்பை உருவாக்க வழி செய்கிறது. முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் அமர்ந்து முடிவு செய்யும் கூலியும் பணி நிபந்தனைகளும் துறை முழுவதையும் கட்டுப்படுத்தும். முதல் நியாய ஊதிய ஒப்பந்தம் 2028 ஏப்ரலில் நடைமுறைக்கு வரும் என்றும், அதற்கு 50 கோடி பவுண்டு ஒதுக்கப்படும் என்றும் அரசு அறிவித்திருக்கிறது. தொகை பெரிதாகத் தெரிகிறது. இத்துறையில் வேலை செய்வோர் பதினைந்து லட்சத்துக்கும் மேல். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஆண்டுக்கு 333 பவுண்டுகூட வராது, நாளுக்கு ஒரு பவுண்டுக்கும் கீழே. இந்தப் பணத்தை எல்லாருக்கும் சமமாகத் தூவினால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது, குறைந்தபட்சக் கூலியின் அடுத்த உயர்வு அதை விழுங்கிவிடும். முதல் ஒப்பந்தத்தில் படிகளுக்கு அடித்தளம் போட வேண்டும் என்பேன்: தகுதி இல்லாதவர், இரண்டாம் நிலைத் தகுதி பெற்றவர், மருந்தும் மறதிநோயும் போன்ற சிக்கலான பணிக்குப் பயிற்சி பெற்றவர் என மூன்று படியாவது வேண்டும், அவற்றுக்கிடையே பென்சுகளில் அல்லாமல் பவுண்டில் அளக்கும் இடைவெளி வேண்டும். 2024 ஜனவரியில் அரசே வெளியிட்ட பணிப்பாதைத் திட்டம் பராமரிப்பாளரின் வேலை நிலைகளை ஏற்கெனவே வரையறுத்து வைத்திருக்கிறது. அதில் கூலி என்ற ஒரு கட்டம் மட்டும் இல்லை. இரண்டையும் ஒட்டுவது புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கும் வேலை அல்ல.

2028 வரை எல்லாவற்றையும் லண்டன் நடுவில் உள்ள அமைச்சகத்திடம் விட்டுவிட வேண்டியதும் இல்லை. யூனிசன் 2012-இல் வெளியிட்ட நெறிமுறைப் பராமரிப்புச் சாசனம் கவுன்சில்களையே நோக்கி எழுதப்பட்டது: பயண நேரத்துக்குக் கூலி, கால் மணி நேர வருகைகளுக்கு முடிவு, கூலியுடன் பயிற்சி, பின்னர் வாழ்வதற்கான கூலி. இஸ்லிங்டனும் சதர்க்கும் லண்டனில் முதலில் அதை ஏற்றன. சிறப்புக் காரணம் இல்லாவிட்டால் வருகை அரை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ் 2015-இல் சொன்னது. ஈலிங் கவுன்சிலோ வேறெந்தக் கவுன்சிலோ தன் அடுத்த வீட்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தை எழுதும்போது மூன்று வரி சேர்த்தால் போதும். மணி நேர விலையில் பயணம் எத்தனை நிமிடம், பயிற்சி எத்தனை நிமிடம் என்று நிறுவனம் தனித்தனியாகக் காட்ட வேண்டும். தகுதி பெற்றவருக்கு எவ்வளவு கூடுதல் கூலி என்று எழுத வேண்டும். சம்பளச் சீட்டுகளைக் கவுன்சில் மாதிரிக்கு எடுத்துச் சரிபார்க்க உரிமை வேண்டும். கவுன்சிலிடம் நேரடிப் பணம் பெற்றுத் தெரிந்த ஒருவரையே அம்மாவுக்குப் பராமரிப்பாளராக அமர்த்தும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே வரிகள் பொருந்தும். அங்கே முதலாளி நாம்தான். விடுமுறைச் சம்பளம், ஓய்வூதியம், பயிற்சிக்கான கூலி நேரம் மூன்றும் சேர்ந்த விகிதத்தில் நேரடிப் பணத்தைக் கணக்கிட்டுத் தரும்படி மதிப்பீட்டுக்கு வரும் சோஷியல் வொர்க்கரிடம் கேட்கலாம். எழுத்தில் கேட்டால் அவர் எழுத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.